மாற்ற வேண்டிய வரி

கல்லூரியில் சேர்ந்த வாரம் மகள் கெல்சி எழுதிய கட்டுரையை, சமையலறை மேசையில் உட்கார்ந்து ரசித்துப் படித்தாள் டாரீன்.

"பனி கொட்டின அன்னிக்கு நான் வேலை பாக்குற ஹோட்டல் மூலையில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதினியே, அதெல்லாமா ஞாபகம் வச்சிருக்கே?"

"உன் மேல அடிக்கிற வெங்காய வாசனையைக்கூட விடலம்மா. செமஸ்டர் முடியுது, நாளைக்கு எங்க டீச்சர்கிட்ட எல்லாக் கட்டுரையையும் தொகுத்துக் கொடுக்கணும். இப்ப எழுதினா எதை மாத்துவேன்னும் சொல்லணுமாம். எனக்கு ஒண்ணும் தோணலை."

டாரீனின் விரல் ஒரு வரியில் நின்றது. 'நான் பிறந்ததும் கல்லூரியை விட்ட அம்மா, மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை.'

"இதை மாத்து."

"வெக்கமா இருக்கா? உண்மைதானேம்மா."

"நீ எழுதினப்ப உண்மை."

டாரீன் தன் கைப்பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வைத்தாள். அட்டையில் டாரீனின் பெயர்; அதே கல்லூரி, அதே ஆசிரியை, மாலை வகுப்பு.

"அப்போ செவ்வாய்க்கிழமை ஓவர்டைம்னு சொன்னதெல்லாம்?"

"ஃபெயிலாயிட்டா நீ சிரிப்பியேன்னுதான். எனக்கும் நாளைக்குத்தான் கடைசி நாள்."

கெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நீ எதை மாத்தப் போறே?"

டாரீன் தன் முதல் கட்டுரையைப் பிரித்து, பேனாவால் ஒரு வரியை அடித்தாள்.

'நான் படிப்பது என் மகளுக்குத் தெரியாது.'