பத்து ஆரக்கால்

கை கழுவுகிற சாக்கில் கடிகாரக்காரர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கைக்குட்டையில் சுற்றிய பொருள் பத்திரமாக இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலேயே கைவைத்துவிட்டோமே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

“என்னப்பா, வந்ததுலேர்ந்து பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்லம்மா, வெயில்ல வந்தது. உன் மாமனார் எங்க?”

“உள் ரூம்லதான். ரெண்டு வாரமா அந்த ரயில் அலமாரியையே பாத்துட்டு உக்காந்திருக்கார். யாரோடயும் பேச்சில்ல.”

கடிகாரக்காரரின் கை மறுபடி சட்டைப்பைக்குப் போனது.

எடுத்தது நகையுமில்லை, பணமுமில்லை. பொம்மை ரயில் எஞ்சினின் ஒரு சக்கரம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. சம்பந்திகள் இருவருக்குமே பழைய பொம்மை ரயில்களைப் பழுதுபார்த்து ஓடவிடும் பைத்தியம் உண்டு. சாவி கொடுத்தால் ஓடும் ஒரே மாடல் எஞ்சின் இரண்டு வீட்டிலும் இருந்தது.

கடிகாரக்காரர் வீட்டில் பேரனுக்குப் பிறந்தநாள் கொண்டாடிய மறுநாள், அவருடைய எஞ்சினில் ஒரு சக்கரத்தைக் காணவில்லை. பெருக்கித் தள்ளிவிட்டாய் என்று மனைவியைப் பத்து மாதமாக வறுத்தெடுத்தார். செய்த கம்பெனியோ எப்போதோ மூடியாயிற்று. பழைய சாமான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். எட்டு ஆரக்கால், பன்னிரண்டு ஆரக்கால் எல்லாம் கிடைத்தன. அவருக்கு வேண்டிய பத்து ஆரக்கால் சக்கரம் மட்டும் கண்ணில் படவேயில்லை.

சம்பந்தியின் அலமாரியில் அது இருந்தது. போன தடவை வந்தபோது, எல்லோரும் மாடியில் இருந்த நேரம் பார்த்து, சின்னத் திருப்புளியால் இரண்டே நிமிடத்தில் கழற்றிவிட்டார். செய்யும் தொழில் அதற்குக் கைகொடுத்தது.

வீட்டில் கொண்டுபோய் மாட்டினால், அரத்தை எடுத்துத் தேய்க்க வேலையே இல்லை. அச்சில் அப்படியே உட்கார்ந்தது. எஞ்சினும் ஓடியது. அவரால்தான் அதை நின்று பார்க்க முடியவில்லை.

சம்பந்தி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளியில் ஒரு பென்சில் தொலைந்தால் மூன்று நாள் விசாரணை வைத்தவர். விஷயம் தெரிந்தால் மகள் இந்த வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடமாடுவாள்?

மனசைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே போனார். கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

“சம்பந்தி, இத எடுத்தது நான்தான். புத்தி கெட்டுப்போச்சு. என்ன வேணா திட்டுங்க, என் பொண்ண மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க.”

தலைமையாசிரியர் சக்கரத்தைத் தொடவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

“மருமகளுக்குத் தெரியுமா?”

“தெரியாது சம்பந்தி. யார்கிட்டயும் சொல்லல.”

“சொல்லிடாதீங்க. அந்தப் பொண்ணு மூஞ்சியில என்னால முழிக்க முடியாது.”

கடிகாரக்காரர் ஒன்றும் புரியாமல் நின்றார். தலைமையாசிரியர் குனிந்த தலை நிமிராமல், சக்கரத்தை அவர் பக்கமே நகர்த்தினார்.

“உங்க வண்டியிலேர்ந்து அத மொதல்ல கழட்டினது நான்தான்.”