கோணல் தொப்பி

தொப்பி நேராக நின்றுவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு தலையணை உறை, ஒரு பழைய காலண்டர் அட்டை, நாலு குண்டூசி. இவ்வளவுதான் மாஸ்டரிடம் கொடுத்தார்கள். அவருடைய விரல்கள் அவரைக் கேட்காமலேயே அட்டையைச் சுருட்டி, உறையைக் கொசுவம் வைத்து, மடிப்பு மடிப்பாக நிறுத்திவிட்டன. கண்ணாடியில் பார்த்தால் அசல் செஃப்.

"என்னப்பா இது, இவ்ளோ நல்லா இருந்தா சந்தேகப்பட மாட்டாங்களா?" மகள் பல்லைக் கடித்துக்கொண்டு தொப்பியில் ஒரு தட்டு தட்டினாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

விஷயம் இதுதான். மாஸ்டர் முப்பத்தொரு வருஷமாக ஒரு பெரிய ஹோட்டலில் சமையல். மகளோ தான் வாழப்போகிற வீட்டில், "எங்கப்பா அந்த ஹோட்டல்ல மேனேஜர்" என்று அளந்து வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

சம்பந்தி வீட்டுக்கு ஒரு மரியாதைக்கு வந்த இடத்தில், அவர்கள் குடியிருப்பின் ஆண்டு விழா வந்து தொலைத்தது. பெரியவர்களுக்கு மாறுவேடப் போட்டி, வீட்டில் இருக்கிற சாமான்களை வைத்தே வேஷம் கட்ட வேண்டும். என்ன வேஷம் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள். உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, மாஸ்டர் கைக்கு வந்த சீட்டில் 'செஃப்' என்று எழுதியிருந்தது.

"வேணா வயித்து வலின்னு படுத்துக்கட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"அதுக்கு வேற டாக்டரைக் கூப்பிடுவாங்க. நீங்க நல்லா சொதப்புங்க, அது போதும். உண்மை தெரிஞ்சா என் மானமே போயிடும்ப்பா."

"சொதப்ப எங்கம்மா தெரியும் எனக்கு? முப்பத்தொரு வருஷத்துல அதை யாரும் கத்துக் கொடுக்கலையே."

வாயில் ஊக்கை வைத்திருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் மருந்து பாட்டில் மூடிகளை இரண்டாவது வரிசை பட்டனாகத் தைத்து முடித்து, மேஜை விரிப்பைக் கணவர் இடுப்பில் சுற்றினாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த உடுப்பைப் போட்டுத்தான் இவளைப் படிக்க வைத்தார். மனசு வலித்தது. மகள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியை இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

அப்போது கதவு திறந்தது. "பின்னாடி வர்றேன், பின்னாடி" என்றபடி, மாஸ்டர் மனைவியின் முதுகில் உரசாமல் சம்பந்தி உள்ளே நுழைந்தார். இரண்டு கையிலும் காபிக் கோப்பைகள். கப்பல் கம்பெனியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பேச்சு. அவருக்கு விழுந்த சீட்டு நீதிபதி. கிழிந்த குடைத் துணியைத் தோளில் போர்த்தியிருந்தார்.

"என்ன சம்பந்தி, தொப்பி கோணிக்கிட்டு நிக்குது?"

"நமக்கு இதெல்லாம் எங்க வருது சம்பந்தி," என்றார் மாஸ்டர். மகளுக்குப் பரம திருப்தி.

மேடையில் மாஸ்டர் உயிரைக் கொடுத்துச் சொதப்பினார். கத்தியைப் பேனா மாதிரி பிடித்தார். வெள்ளரிக்காயை விறகு பிளப்பதுபோல் பிளந்ததில் ஒரு துண்டு முன்வரிசையில் போய் விழுந்தது. யாரோ வைத்த சூப்பை ருசி பார்க்கச் சொன்னார்கள். உப்பே போடவில்லை என்று நாக்கு கதறியது. "பிரமாதம்," என்றார்.

"சார் அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்த்ததில்ல போல," என்று செயலாளர் மைக்கில் சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டருக்குக் கடைசி இடம். மகள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். அவருக்கும் தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

போட்டி முடிந்து எல்லோரும் நடைவழியில் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா கொதிக்கக் கொதிக்கப் பால் பாத்திரத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். "இப்படிக் கொடுங்கம்மா," என்று மாஸ்டர் மேஜை விரிப்பின் நுனியால் பிடித்து வாங்கிக்கொண்டார். கூட்டத்துக்குள் நுழைந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"பின்னாடி, சூடு."

பெரிய சமையல்கூடங்களில் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் போகிறவர் சொல்வது அது. கேட்டவர் திரும்பக் கூடாது. முழங்கையை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். திரும்பினால் கொதிப்பது மேலே கொட்டும். இங்கே யாருக்கு அது தெரியும்? "என்னங்க?" என்று ஆளாளுக்குத் திரும்பி வழியை அடைத்தார்கள்.

ஒருவர் மட்டும் திரும்பவில்லை. கறுப்புத் துணி போர்த்திய நீதிபதி, பாதிப் பேச்சில் இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்.

மாஸ்டர் பாத்திரத்தை மேஜையில் வைத்தார். சம்பந்தி மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தனை வருஷம்?"

அதற்கு மேல் பொய் சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை. "முப்பத்தொண்ணு," என்றார்.

சம்பந்தி கையை நீட்டி அந்தத் தொப்பியை ஒரு திருகு திருகினார். மடிப்புக் கலையாமல் அது நேராக நின்றது.

"நான் கப்பல் கிச்சன்ல இருபத்தெட்டு."

தூரத்தில் மகள் தன் வருங்கால மாமியாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சம்பந்தி அவளை ஒரு தரம் பயத்தோடு பார்த்துவிட்டு, மாஸ்டரின் காதோரம் குனிந்தார்.

"உங்க பொண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டாம், மாஸ்டர்."