பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்

"பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். விமானம் கிளம்பாது" என்றார் டார்ச் அக்கா.

எந்நேரமும் கையில் டார்ச்சோடு அலைவதால் வந்த பெயர். விமான மெக்கானிக். அவர் கையெழுத்துப் போடாமல் அங்கே எந்த விமானமும் தரையை விட்டு எழும்பாது.

மானேஜர் பல்லைக் கடித்தார். "ஆள் ஏத்தியாச்சும்மா! போனா போகுது, ஒரு ஸ்பேனர்தானே?"

"எங்க போச்சுன்னு தெரிஞ்சா போகட்டும் சார். எஞ்சினுக்குள்ள போயிருந்தா?"

மானேஜர் ஓடிப்போய் வேறு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். "இந்தாங்க, கிடைச்சிடுச்சு."

"இதுல வேற நம்பர் அடிச்சிருக்கு சார்."

"கேப்டன், நீங்களாவது சொல்லுங்களேன்!"

ஏணியில் சாய்ந்து நின்ற இளம் விமானி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பால் பாட்டில் கழுவியாச்சும்மா."

அவர் வீட்டில் இரட்டைக் குழந்தைகள். பிறந்து ஒரு மாதம்.

பயணிகளை இறக்கிவிட்டுத் தேட ஆரம்பித்தார்கள். எஞ்சின், இறக்கை, கழிவறை, எதையும் விடவில்லை. ஒரு பயணி ஷூவைக் கழற்றி உதறிக் காட்டினார். இன்னொருவர் யாரும் கேட்காமலே "நான் எடுக்கலீங்க" என்று கைகளைத் தூக்கினார். சக்கரக் குழிக்குள் தலையை விட்ட மானேஜர், நெற்றி நிறைய கிரீஸோடு வெளியே வந்தார்.

விமானி பெஞ்சில் நீட்டிப் படுத்துவிட்டார். அடியில் இருக்கிறதா என்று அவரையும் புரட்டிப் பார்த்தார்கள். குறட்டை நிற்கவில்லை.

"இத்தனை வருஷ சர்வீஸ், வெக்கமா இல்ல? மெமோ குடுக்கப் போறேன்!" என்றார் மானேஜர்.

"குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, பார்த்த இடத்தையே மறுபடி நிதானமாகப் பார்த்தார் டார்ச் அக்கா.

மத்தியானம்தான் விமானி எழுந்தார். முகம் கழுவிக்கொண்டு வந்தார். "பசிக்குதுக்கா. இன்னும் கிளம்பலையா?"

டார்ச் அக்கா அவர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இடது கண். வலது கண். பிறகு தன் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தார். அடித்தட்டில் ஸ்பேனர்.

கையெழுத்துப் போட்டார். மானேஜர் தலையில் அடித்துக்கொண்டு மெமோ தட்டப் போனார்.

மேல்தட்டுச் சாப்பாட்டைக் கையில் வாங்கிக்கொண்டே விமானி கேட்டார்: "ஏங்க்கா, இதை முதல்லயே திறந்து பார்த்திருக்கலாமே?"

"திறந்திருக்கலாம்தான் தம்பி. நீங்க தூங்கி எழுந்திருக்கணுமே!"