இருபது நிமிடம்

“ஐயோ, சுட்டுடுச்சு!”

சமையலறையிலிருந்து கணவனின் அலறல் கேட்டதும், மூன்று நாட்களாக அவனோடு முகம் கொடுத்துப் பேசாத மனைவி ஓடி வந்தாள். அடுப்பின் மேல் வாணலி. பக்கத்தில் விரல்களை உதறிக்கொண்டு அவன்.

அவன் கையைப் பிடித்து இழுத்து, குழாயைத் திறந்து தண்ணீரில் காட்டினாள்.

“இருபது நிமிஷம் பிடிக்கணும்” என்றான். தீக்காய ஆராய்ச்சி மருத்துவன் அவன். சுட்ட இடத்தை எவ்வளவு நேரம் தண்ணீரில் காட்டினால் புண் சீக்கிரம் ஆறும் என்று கண்டுபிடிக்க, ஆறு வருடம் ஆய்வுக்கூடத்திலேயே பழியாகக் கிடந்தவன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கையை விடவில்லை.

ஐந்தாவது நிமிடத்தில் மெல்ல ஆரம்பித்தான். “உங்கம்மாவை ஸ்டேஷன்ல ரெண்டு மணி நேரம் காக்க வெச்சது தப்புதான். ஆராய்ச்சியில உட்கார்ந்தா எனக்கு உலகமே மறந்துடுது.”

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

பதினேழாவது நிமிடத்தில், “நாளைக்கே போய் அவங்க கால்ல விழறேன்” என்றான்.

“விழுந்து அங்கேயே தூங்கிடாதீங்க.”

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அவனுக்கு உயிர் வந்தது.

“கொப்புளமே வரலையே?” என்று விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

“உடனே தண்ணியில காட்டினோம்ல? அதான் என் ஆராய்ச்சி!”

“காலையிலயே கேஸ் தீர்ந்து போச்சு. வாணலி ஜில்லுனுதான் இருக்கு.”

அவன் அசடு வழிந்தான். “அப்போ... முதல்லயே தெரியுமா? அப்புறம் எதுக்குக் கையைப் பிடிச்சே?”

அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. கையை எடுக்காதீங்க.”