தலைவரின் கட்டைவிரல்

பள்ளிவாசல் படியில், செருப்புகளுக்கு நடுவே, அன்னமேரி மூச்சிரைக்க நிற்கிறாள். கையில், அவள் வேலை பார்க்கும் நலச் சங்கத்தின் தலைவர் அலாவுதீனின் கைப்பேசி. தொழுகைக்குப் போனால் அதை அலுவலக மேசையிலேயே விட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். இணைய நன்கொடைத் தளம் புதிய முறைக்கு மாறுகிறது. சங்கத்தின் வங்கிக் கணக்கை இரண்டு மணிக்குள் உறுதிசெய்யாவிட்டால் சிறுநீரக நோயாளிகளுக்கான பணம் இந்த மாதம் வராது. வெள்ளிக்கிழமை மதியம் பார்த்துக் கெடு வைத்த புண்ணியவான் யாரோ! அதற்கான ரகசிய எண் கைப்பேசிக்கு வந்துவிட்டது; கைப்பேசியின் பூட்டைத் திறக்க அவர் கட்டைவிரல் வேண்டும். மணி ஒன்று ஐம்பத்தெட்டு. “தொழுகை நடக்குதுக்கா, கொஞ்சம் பொறுங்க லா,” என்கிறார் காவலாளி. பளிங்குத் தரையில் வெயில் கண்ணைப் பறிக்கிறது. உள்ளே வரிசைகள் ஒரே அசைவில் தாழ்கின்றன. இருபதடி தள்ளி, அலாவுதீனின் நெற்றியோடு அந்தக் கட்டைவிரலும் கம்பளத்தில் பதிகிறது.