பக்கத்து வீட்டுப் பாட்டு

"அன்ரி, உந்த றேடியோவை நிப்பாட்டுங்கோ."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கிருஷாந் பலதரம் சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த நேசம்மா திரும்பவே இல்லை. அவர் வீட்டு விறாந்தையில் வானொலி பழைய சினிமாப் பாட்டொன்றை முழக்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போய் அவர் முன்னால் நின்றான். அப்போதுதான் நேசம்மா நிமிர்ந்தார்.

"என்ன தம்பி, இண்டைக்கு வேலை இல்லையோ?"

"காய்ச்சல் எண்டு அரைநாள் லீவு போட்டு வந்தனான். வந்து பாத்தா வாழைத்தோட்டம் முடியுமட்டும் உங்கடை பாட்டுத்தான் கேக்குது. நான் இல்லாத நேரம் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானோ?"

நேசம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை அவனுக்கு எரிச்சலைக் கூட்டியது. சனி, ஞாயிறுகளில் இந்த வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. ஆம்பிளை நிற்கும்போது அடக்கம். அவன் மோட்டார் சைக்கிளை யாழ்ப்பாணத்துக்குத் திருப்பியதும், வாய் திறந்து ஒன்றும் சொல்லத் தெரியாத மனைவி ஆரபியிடம் இந்தக் கூத்து.

"என்ரை மனிசிக்குச் சுகமில்லை. வயித்திலை வந்த பிள்ளை தங்கேல்லை. அமைதியா இருக்கவேணும் எண்டு டொக்டர் சொல்லித்தான் ரவுணை விட்டிட்டு நீர்வேலிக்கு வந்தனாங்கள். உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சும் போடுறியளோ?"

அவன் குரல் கேட்டு ஆரபி வேலியடிக்கு ஓடிவந்திருந்தாள். நேசம்மா அவளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள். பாவம், சண்டைக்குப் பயந்தவள் என்று நினைத்தான் கிருஷாந்.

நேசம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் வானொலியை நிறுத்தினார்.

"இனிப் போடேல்லை தம்பி."

வீட்டுக்குள் வந்ததும் ஆரபி சொன்னாள்: "அவ போட்டா போடட்டும் எண்டு விட்டிருக்கலாம்."

"உமக்காகத்தானே சொன்னனான்."

"அது தெரியும்," என்றாள்.

அவளுக்காகத்தான். ரவுணில் அவர்கள் இருந்த வீட்டிலிருந்து வேலை செய்யும் கந்தோருக்கு அவன் நடந்தே போவான். இப்போது காலையும் மாலையும் வெயிலிலும் மழையிலும் மோட்டார் சைக்கிள் ஓடவேண்டியிருக்கிறது. அதைப் பற்றி ஒருநாளும் அவன் முணுமுணுத்ததில்லை. வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் இப்படி ஒரு வீடு யாருக்குக் கிடைக்கும்?

அதற்குப் பிறகு வானொலி மூச்சுக் காட்டவில்லை.

"இப்ப எப்பிடி, நல்ல அமைதியோ?" பின்னேரங்களில் வந்து தலைக்கவசத்தைக் கழற்றும்போதே கேட்பான்.

"ஓம்," என்பாள் ஆரபி.

கந்தோருக்கு அவள் அடிக்கடி ஃபோன் எடுக்கத் தொடங்கினாள்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. சும்மா எடுத்தனான்."

"ஆக்கள் நிக்கினம். வந்து கதைக்கிறன், என்ன?"

வந்தபோது கதைக்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவன் வரும் நேரத்துக்கு வெகு முன்பே படலையடியில் வந்து நிற்பாள். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவாள். ஐப்பசி மழை பிடித்து ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லாமற் போன ஒரு பின்னேரம், "கொஞ்ச நாள் அம்மா வீட்டை போய் இருக்கட்டே?" என்று கேட்டாள்.

"பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்திலையோ? அந்தச் சத்தத்துக்கையோ?"

"ஓம்."

கொண்டுபோய் விட்டான். கொஞ்ச நாள் என்றது மார்கழியையும் தாண்டியது. "எப்ப வாறீர்?" என்று கேட்டால் முதலில் "வாறன்" என்றவள், பிறகு "பாப்பம்" என்றாள். இப்போது அதற்கு மட்டும் பதில் வருவதில்லை. ஃபோனுக்குப் பின்னால் பஸ்காரர் கூப்பிடுகிற சத்தமும், அவள் தாய் யாருடனோ சிரிக்கிற சத்தமும் கேட்கும்.

லீவு நாளொன்றில் அவன் அந்த வீட்டில் தனியே இருந்தான். சனி, ஞாயிறுகளில் ஆரபியிடம் போய்விடுவான்; பகல் முழுக்க இங்கே தனித்து இருந்தது அதுதான் முதல் தடவை. வாழையிலைகள் ஒன்றோடொன்று உரசின. எங்கோ ஒரு செண்பகப் பறவை கத்தி ஓய்ந்தது. சமைக்க மனம் வரவில்லை. மத்தியானம் ஆவதற்குள் விறாந்தைக்கும் குசினிக்கும் எத்தனையோ தரம் நடந்துவிட்டான். படலையைப் போய்ப் பார்த்தான், ஒருவரும் வரவில்லை. தன் செருப்புச் சத்தமே தனக்கு ஒருமாதிரி இருந்தது.

கடைசியில் நேசம்மா வீட்டுக்குப் போனான்.

"அன்ரி, அண்டைக்கு நான் கொஞ்சம் கடுமையாக் கதைச்சுப்போட்டன். மனசிலை வைச்சிருக்காதேங்கோ. அந்த றேடியோவைப் போடுங்கோவன்."

"அது இஞ்ச இல்லையே தம்பி. ஆரபி போகேக்கை கொண்டு போயிட்டா."

"உங்கடை றேடியோவையோ?"

"என்ரையில்லை, அவவின்ரைதான். எனக்கு என்னத்துக்கு ராசா றேடியோ? ஷெல் விழுந்த அண்டையிலையிருந்து எனக்கு ரெண்டு காதும் கேக்காது. நீங்கள் கதைக்கிறதையும் வாயைப் பாத்துத்தான் விளங்கிக்கொள்ளுறன்."

நேசம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குச் சொல்லவேண்டாம், தனக்காக எடுத்த வீடு, மனம் நோவார் எண்டு ஆரபி சொன்னவ. தன்ரை வீட்டிலை தானே போட்டா, தனிய இருக்கிறது இன்னும் கூடத் தெரியுதாம் தம்பி; பக்கத்து வீட்டிலையிருந்து கேட்டா, கூப்பிடு தூரத்திலை ஆரோ இருக்கிற மாதிரி இருக்குமாம்."