வேரில் கட்டிய பை

வண்டு துளைத்த தென்னையின் வேரைச் சாய்வாகச் சீவி, மருந்து ஊற்றிய பாலித்தீன் பைக்குள் நுழைத்துக் கட்டினால் மறுநாளுக்குள் மரம் குடித்துவிடும். மழை பொய்த்த இந்த வருஷம் கட்டிய பைகளெல்லாம் வாரமாகியும் நிறைந்தே கிடந்தன. உடம்புக்கு முடியாதவர்களிடம் கெஞ்சுவதுபோல் மரங்களிடம் கெஞ்சி அலுத்துப்போனாள் துளசிமணி. இன்று காலை ஒரு மரத்துக்கு மட்டும் வேறு பை கட்டினாள். பொழுது சாய்வதற்குள் அது வற்றிச் சுருங்கிவிட்டது.

தண்ணீர்ச் சொம்போடு வந்த அவள் கணவன் சென்னியப்பன் குனிந்து பார்த்தான். "என்ன மருந்து புள்ள கட்டுன?"

"மருந்தில்லீங்க. லாரித் தண்ணி. நாம குடிக்கறதுதான்."

வாய்க்குக் கொண்டுபோன சொம்பு அப்படியே நின்றது. நிமிர்ந்து தோப்பு முழுவதையும் பார்த்தான். பிறகு மரங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, சத்தம் வராமல் குடித்தான்.